அவர் பெயரில் எழுதிய என் இழுப்பு

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் இழுப்பு வந்தது கிடையாது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார், டில்லி ஜனவரியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், மார்பில் ஒரு சத்தம் இருக்காது. ஆனால் அரசாங்க டிஸ்பென்சரியைக் கேட்டால் அவர் ஆஸ்துமா நோயாளி. நிஜமான நோயாளி நான். ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்கு அங்கே ஒரு தும்மல்கூடப் பதிவாகவில்லை. இது எப்படி நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். ஆகையால் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். அவருக்கு ஓர் அமைச்சகத்தில் கிளார்க் உத்தியோகம். நான் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் டீச்சர், அதுவும் தற்காலிகம். நாங்கள் இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கம். ஊரில் இருந்தவரை எனக்கு இழுப்பு மழைக்காலத்தில் எப்போதாவது எட்டிப் பார்க்கிற விருந்தாளி. டில்லிக்கு வந்தபிறகு அது வீட்டோடு தங்கிவிட்டது. தசரா முடிந்ததும் சாயங்காலங்களில் வாசலுக்கு வாசல் அங்கீட்டி என்கிற இரும்பு அடுப்பில் கரி பற்ற வைத்து வெளியே கொண்டு வைப்பார்கள். குளிருக்கு அந்தப் புகை மேலே போகாமல் தரையோடு படுத்துக் கிடக்கும். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

அதற்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை உண்டு. விலை ஒரு கட்டு கொத்தமல்லிக்கு மேலே போகாது. மார்க்கெட்டில் மருந்துக்கடைக்காரர், பையா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணா என்கிற மாதிரி, என் முகத்தைப் பார்த்ததுமே எடுத்துக் கவுண்ட்டரில் வைத்துவிடுவார். காய்கறி வாங்குவதுபோல அதையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவேன். இப்படியே காலம் ஓடியிருந்தால் எனக்கு எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

திடீரென்று காலேஜ் பையன்கள் போதைக்காகத் தூக்க மாத்திரை விழுங்குகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. இன்ஸ்பெக்டர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். என் மாத்திரை போன்றவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற சட்டம் முன்பே இருந்ததுதான், அதுவரை யாரும் அதை எழுப்பவில்லை. அடுத்த தடவை நான் போனபோது பையா கையை விரித்தார்.

"பர்ச்சி லாயியே, பஹன்ஜி. டாக்டர் சீட்டு இல்லாம குடுத்தா என் லைசென்ஸ் போயிடும்" என்று ஹிந்தியில் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. தூக்க மாத்திரை தின்றவன் எவனோ, மூச்சு முட்டினது எனக்கு!

பிரைவேட் டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கலாம்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஊரில் சொல்வார்கள். அந்த டாக்டரின் ஃபீஸுக்கு ஒரு வருஷத்து மாத்திரையை வாங்கி வைத்துவிடலாம். அதுவும் ஒரு தடவைக்கான சீட்டுத்தான், மறுபடி வாங்க மறுபடி ஃபீஸ். ஆகவே அரசாங்க ஊழியர்களுக்கான டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே எல்லாம் இலவசம். இலவசம் என்றால் என்ன என்று அங்கே போய்த்தான் நான் கற்றுக்கொண்டேன்.

காலையில் டோக்கனுக்கு ஒரு வரிசை. டோக்கன் கிடைத்தால் டாக்டர் அறைக்கு ஒரு வரிசை. டாக்டர் எழுதியதைக் கொண்டுபோய் மருந்து வாங்க இன்னொரு வரிசை. அங்கே ஜன்னலில் இருப்பவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு "ஸ்டாக் நஹீ, கல் ஆயியே" என்பார். நாளைக்கு வா. நாளைக்கு வந்தால் ஒரு வாரத்துக்குத் தருவார்கள். வாரம் முடிந்தால் திரும்ப முதல் வரிசை. டாக்டர் முதல் தடவை நாலு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் தலையையே நிமிர்த்தவில்லை. 'பழைய மருந்தே தொடரவும்' என்று இங்கிலீஷில் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். கழுத்தில் தொங்கின ஸ்டெதாஸ்கோப் என் முதுகை ஒரு தரம்கூடத் தொட்டதில்லை.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு காலனிக்கே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த வரிசையில் நின்று நின்று நான் யோசித்ததெல்லாம் இதுதான். எனக்கு முன்னால் நிற்பவருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை, அவருக்கு முன்னால் ஒரு அம்மாளுக்கு சர்க்கரை மாத்திரை. பாதி வரிசை அந்தக் கிறுக்கலுக்காக மட்டும் நிற்கிறது. நடுவில் ஜுரத்தில் கொதிக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். டாக்டர் பார்க்க வேண்டியது அந்தக் குழந்தையை. எங்கள் சீட்டுகளுக்கு நடுவில் அது மாட்டிக்கொண்டு அழுகிறது. வரிசையில் நிற்பவர்கள் முக்கால்வாசி அரசாங்க ஊழியர்கள். ஏதோ ஓர் ஆபீசில் அவர்களுடைய நாற்காலி காலியாக இருக்கிறது, அந்த மேஜையில் யாரோ ஒருவருடைய பென்ஷன் காகிதம் காத்துக் கிடக்கிறது. இந்தச் செலவையெல்லாம் யார் தலையில் எழுதுவது? கொத்தமல்லிக் கட்டு விலையில் உள்ள ஒரு மாத்திரைக்கு!

என் தலையில் எழுதினது என்னவோ நிச்சயம். தற்காலிக டீச்சருக்கு லீவு கிடையாது. அரை நாள் வராவிட்டால் அரை நாள் சம்பளம் கட். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் பெரிய டீச்சர் கும்பகோணத்து அம்மாள், நல்ல மாதிரி. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "இத பாரும்மா, நீ பாடம் நன்னா எடுக்கறே, அதுல ஒரு குறையும் இல்லே. ஆனா வாரத்துல ரெண்டு நா ஒங்கிளாஸ் பசங்கள யார் பாத்துக்கறது? வேற ஆள் போடச் சொல்லி மேல கேக்கறா. நான் எத்தன நாளைக்குச் சமாளிக்க முடியும்?" வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

காலனித் தமிழர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. ஊருக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் காப்பிப் பொடி, அப்பளத்தோடு அக்கம்பக்கத்து மாத்திரைகளையும் வாங்கி வருவார்கள். ஊர் மருந்துக்கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை. எனக்கும் அப்படி வந்தது. ஆனால் எல்லாரும் ஊருக்குப் போவது மே மாதம். தகரப் பெட்டி மாதிரி கொதிக்கிற ரயிலில் இரண்டு நாள் வந்து சேரும்போது பாதி மாத்திரை பொடியாகியிருக்கும். மீதி எனக்கு இழுப்பு ஆரம்பிப்பதற்குள் ஆளாளுக்குப் பங்கு போட்டுத் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் ஊருக்குப் போகிறவன் எவன்? அந்த வருஷம் நான் மாத்திரையை அரையாக உடைத்துப் போட்டேன். அப்புறம் அந்த அரையையும் நாள் விட்டு நாள் ஆக்கினேன். அரை மாத்திரைக்கு அரை மூச்சுத்தான் வரும் என்று என் உடம்பு எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அவர் பேசாத மனிதர். ஒரு நாள் பேசாமல் என் டிஸ்பென்சரி டிக்கெட்டை, அதாவது டாக்டர் மருந்து எழுதுகிற அட்டையை, எடுத்துக்கொண்டு போனார். டாக்டர், "மரீஸ் கஹாங் ஹை?" என்று கேட்டாராம். நோயாளி எங்கே? பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்றதும் டிக்கெட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார். ஆள் வராமல் எழுதக் கூடாது, ரூல். பின்னால் நின்றவர்கள் "ஜல்தி கரோ பாய் சாஹப்", சீக்கிரம் ஆகட்டும் என்று கத்தியிருக்கிறார்கள். வெறுங்கையோடு வந்தார்.

அடுத்த வாரம் மறுபடி போனார். வரும்போது கையில் மாத்திரைப் பொட்டலம்.

"ஏங்க, எப்படிக் குடுத்தான்?"

"எனக்குத்தான் இழுப்புன்னேன். என் டிக்கெட்டுல எழுதிட்டாரு."

"அடப் பாவி மனுஷா! அவரு நெஞ்சில வச்சுப் பாக்கலையா?"

"உனக்கு வச்சுப் பாத்தாரா?"

சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அவர் கொண்டுவந்த முதல் மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் வாராவாரம் அவர்தான் போனார். ஆபீசில் லேட் ஆனால் கேட்க மாட்டார்களா என்று எனக்குப் பயம். "எங்க செக்‌ஷன் ஆபீசரே எனக்கு முன்னால நிக்காரு. யாரு யாருக்கு லேட் மார்க் போடது?" என்றார். நான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனேன். இரண்டு குளிர்காலம் இப்படி ஓடியது. அவர் பெயரில் வந்த மாத்திரையில் நான் மூச்சு விட்டேன். ஆனால் வருஷா வருஷம் புகை கூடியது, எனக்கும் இழுப்பு கூடியது. மாத்திரைக்கு அது படிய மாட்டேன் என்றது. இந்த ஊரை விட்டுப் போனால்தான் இவள் பிழைப்பாள் என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார் போல.

ஒரு நாள் வந்து, வெளிநாட்டில் உள்ள நம் தூதரகத்துக்கு வேலைக்குப் போக எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். கடலோரத்தில் ஒரு சின்ன தேசம். குளிர்காலமே கிடையாது, கரிப் புகை கிடையாது. அங்கே போய்விட்டு வந்த சிநேகிதர் ஒருவரின் மனைவிக்கு இழுப்பு போன இடம் தெரியவில்லையாம். மற்றவர்கள் வெளிநாடு என்றால் டேப் ரிக்கார்டரையும் கைக்கடிகாரத்தையும் நினைப்பார்கள். இவர், "அங்க ஜன்னலைத் தொறந்து வச்சே இருக்கலாமாம்ளா" என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை என்ன ஆசை, வெறி! பாத்திரம் தேய்த்துக்கொண்டே கடல் காற்றை நினைப்பேன்.

தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பாயசம் வைத்தேன். மறுநாள் ஆபீசிலிருந்து முகம் செத்துப்போய் வந்தார்.

"மெடிக்கல் இருக்காம். எனக்கும் உனக்கும். டிஸ்பென்சரியில இருந்து ரெண்டு வருஷத்து டிக்கெட்ட ஆபீசே கேட்டு வாங்கிட்டாம். உன்னோடதுல ஒண்ணும் இல்ல, என்னோடதுலதான் இழுப்பு."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. இழுப்பு உள்ளவனை வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். இழுப்பு எனக்கில்லை, என் மனைவிக்கு என்று சொன்னால் டிஸ்பென்சரியை ஏமாற்றின குற்றம். விசாரணை வரும், வேலையே போகலாம். அதோடு இழுப்பு உள்ள மனைவியைக் கூட்டிக்கொண்டு போகவும் விடமாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"சவத்த விடுங்க. உள்ளதச் சொல்லிப் பாப்போம்" என்றேன்.

"நீ வாயைத் தொறக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு" என்றார். அவர் என்னை அதட்டினது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மெடிக்கலுக்கு ஒரு பெரிய டாக்டர். நரைத்த மீசை, முழுக்கைக் கோட்டு. எங்கள் இரண்டு பேரையும் சேர்ந்தாற்போல் உள்ளே கூப்பிட்டார். முதலில் என்னைப் பார்த்தார். காலையில் முழு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மூச்சை உள்ளே இழு, வெளியே விடு என்றார். செய்தேன். "ஃபிட்" என்று எழுதினார். என்னை ஃபிட் என்று எழுதினார்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு இவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார். வெகுநேரம் கேட்டார். மேஜையிலிருந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி முதுகில் வைத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹிந்தியில் கேட்டார்:

"மார்பு சுத்தமாக இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு வருஷமாக மாத்திரை வாங்கியிருக்கிறீர். ஒன்று இந்தக் காகிதம் பொய், அல்லது நீர் மாத்திரையை வாங்கி விற்கிறீர். எது?"

விற்கிறீர் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தேன். இவர் நாற்காலிக்கு அடியில் என் காலை மிதித்தார்.

மிதித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்தது டிபார்ட்மெண்ட் பரீட்சைக்குப் படித்த ஹிந்திதான். ஆண்பால் பெண்பால் எல்லாம் தலைகீழாக வரும். ஆனாலும் நிறுத்தாமல் சொன்னார்.

"சார், மூச்சு உள்ளே போகும்போது சத்தம் இருக்காது. வெளியே வரும்போதுதான் விசில் மாதிரி வரும். வருவதற்கு முன்னால் தாடைக்குக் கீழே அரிக்கும். அங்கே சொறிய ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் இழுப்பு வந்துவிடும் என்று அர்த்தம். படுக்க முடியாது. மடியில் இரண்டு தலையணையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். மிளகாய் தாளித்தால் ஆகாது. சாக்பீஸ் தூள் ஆகாது. பேசினால் ஒரு வாக்கியம் மூன்று துண்டாக வரும். அன்றைக்கெல்லாம் கோபம் அதிகமாக வரும், பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. ரொம்பப் பயமாக இருக்கும் சார். இதோடு போய்விடுவோமோ என்று இருக்கும். ஆனால் வீட்டில் சொல்கிறதில்லை."

என் கை தானாகத் தாடைக்குப் போனது. அங்கே அரிக்கும் என்பது எனக்கே தெரியாது. சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால் அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்தே நோயாளி யார் என்று கண்டுபிடித்துவிடுவார்.

டாக்டர் டிக்கெட்டை மேஜையில் வைத்தார். பிறகு, இத்தனை விவரம் பட்டவனுக்குத்தான் தெரியும் என்றார். மார்பு சுத்தமாக இருக்கிற நாளும் உண்டு, இந்த வியாதி அப்படித்தான் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். குரல் இளகிவிட்டது. இரண்டு வருஷமாக உன்னை யாரும் சரியாகப் பார்க்கவில்லையா, பழைய மாத்திரையையே எழுதிக் கொண்டிருக்கிறார்களே, இப்போது இழுக்கிற மருந்து வந்திருக்கிறதே என்று வருத்தப்பட்டார். அந்த இரண்டு வருஷத்தில் என் இழுப்பைப் பற்றி முழுசாகக் கேட்ட ஒரே டாக்டர் அவர்தான். கேட்டது என்னிடம் இல்லை.

எனக்கு ஃபிட். அவருக்கு அன்ஃபிட்.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேரும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்ததும் பொரிந்து தள்ளினேன்.

"கடலும் போச்சு, காத்தும் போச்சு. பொய் சொல்லுததுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"நான் எங்க பொய் சொன்னேம்ளா? ஆளை மட்டுந்தான மாத்திச் சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். பெரிய டாக்டர் புது மருந்து எழுதியிருந்தார். வாயில் வைத்து இழுக்கிற மருந்து. அதற்குக் கீழே, மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்கவும் என்று எழுதிக் கையெழுத்து.

"வாராவாரம் நிக்க வேண்டாம் பாத்தியா" என்றார். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் அவருக்கு.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சர்தார்ஜி நகர்ந்து இடம் விட்டார். இந்த மனுஷனுக்காக அழுதேனா, போன கடலுக்காக அழுதேனா, கொத்தமல்லி விலை மாத்திரைக்கு ஒரு தேசத்தையே விலையாகக் கொடுத்தோமே என்று அழுதேனா, தெரியாது. எல்லாம் சேர்ந்துதான் வந்தது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய டாக்டர் மாதிரி ஒருவர் முதல் நாளே என்னைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டுக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் சீட்டை மட்டும் கேட்டார்கள். நாங்கள் சீட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

"அதென்ன, எனக்குப் பயமா இருக்கும்னு சொன்னீங்க? நான் எப்பமாவது உங்ககிட்ட அப்படிச் சொன்னேனா?"

"நீ எதுக்குச் சொல்லணும்? இழுப்பு வந்தா என் கையை அந்தப் பிடி பிடிக்கியே, பயமில்லாமலா பிடிக்கே?" என்றார்.

பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை. கிட்வாய் நகர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். நான் கம்பியைப் பிடிக்கவில்லை, அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.